மழைக்கு முன் ஒரு திட்டம்: மட்டக்களப்பு வாவிக் கரைகளின் சுகாதாரத்தைத் தீர்மானிப்பது யார்?

*வைத்தியசாலைக் கட்டில்கள் நிரம்பிய பிறகு செய்தியாகும் நோய்கள், அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே ஒரு சுகாதார அலுவலகத்தின் பதிவேட்டில் தலைகாட்டிவிடுகின்றன. அந்தப் பதிவேட்டை வாசித்துத் திட்டம் வகுப்பவர்களின் தொழிலையும், அவர்களது கைக்கு எட்டாமல் நிற்கும் அதிகாரத்தையும் பற்றிய சிறப்புக் கட்டுரை.*

மார்கழி. இரவெல்லாம் அடித்த மழை விடிந்த பிறகுதான் ஓய்ந்திருக்கிறது. நாவலடிப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீளும் மணல் திட்டில், பழுதாகிப்போன ஃபைபர் கிளாஸ் படகொன்று கரையேற்றி விடப்பட்டிருக்கிறது. மோட்டார் சைக்கிளை வேலியோரம் நிறுத்திவிட்டு வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.), படகின் அடித்தட்டில் தேங்கிய நீருக்குள் டோர்ச் அடித்துப் பார்க்கிறார். வெள்ளை அகப்பையால் மெல்ல அள்ளி, வெளிச்சம் படும்படி சரிக்கிறார். அகப்பையின் ஓரத்தில் குடம்பிகள் நெளிகின்றன.

படகுக்காரர் பக்கத்தில் வந்து நிற்கிறார்.

“சேர், அது உவர்த் தண்ணி. அதில நுளம்பு பெருகாது. சின்னனில இருந்து நாங்க பாக்கிறம்.”

“இஞ்ச வந்து பாருங்க அண்ணே. நெளியிறது தெரியுதா?”

பருவமழைக் காலம் முழுவதும் வாவிக் கரையின் ஏதாவதொரு வளவில் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும். படகுக்காரரைக் குறை சொல்ல முடியாது. டெங்கு நுளம்பு தெளிந்த நன்னீரில்தான் முட்டையிடும் என்றே பாடப்புத்தகமும் சுவரொட்டியும் அவருக்குச் சொல்லிவந்தன. பேராசிரியர்கள் ரஞ்சன் ராமசாமி, எஸ்.என். சுரேந்திரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. இலங்கையின் கரையோரங்களில் ஒரு லீற்றருக்கு 2 முதல் 15 கிராம் வரை உப்புள்ள நீரிலும் டெங்கைப் பரப்பும் இரண்டு வகை ஈடிஸ் நுளம்புகளின் குடம்பிகள் உயிரோடு இருந்தன. கடல் நீரில் இருக்கும் உப்பு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம். குடம்பிகள் அகப்பட்ட இடங்கள் எவை? கைவிடப்பட்ட படகுகள், பாவனையில்லாத கிணறுகள், வீசி எறியப்பட்ட பிளாஸ்டிக், கண்ணாடிப் பாத்திரங்கள்.

மாடிவீடுகள் நிறைந்த நகரத்தில் கூரைப் பீலியையும் பூச்சட்டியையும் முதலில் பார்க்க வேண்டும். நாவலடியிலும் கல்லடியிலும் படகையும் பாழ்கிணற்றையும் முதலில் பார்க்க வேண்டும். பரிசோதனைப் பட்டியலில் இந்த ஒரு வரியை மாற்றுவதற்கு ஆய்வை வாசித்த ஒரு வைத்திய அதிகாரி வேண்டும். மீனவர் சங்கத்தோடு பேசக்கூடிய ஒரு பி.எச்.ஐ. வேண்டும், பாழ்கிணற்றை மூடச் செலவிடும் ஓர் உள்ளூராட்சி சபை வேண்டும். பொதுச் சுகாதாரத் திட்டமிடல் என்ற பெரிய சொல்லுக்கு மட்டக்களப்பில் பொருள் இதுதான்.

ஒரு வாவி, பல கதவுகள்

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. கிழக்கே எழுவான்கரை: நெருக்கமான ஊர்கள், மணல் நிலம், ஆழமற்ற கிணறுகள். மேற்கே படுவான்கரை: வயல், குளம், தூரம் தூரமாகக் கிடக்கும் கிராமங்கள். பாலமீன்மடுவிலும் கல்லாற்றுப் பக்கத்திலும் வாவி கடலோடு கலக்கிறது. மழை பலத்தால் முகத்துவாரத்தை வெட்டிவிடுங்கள் என்ற குரல் எழும். வயலுக்குள் வெள்ளம் நிற்கிறது என்று விவசாயி சொல்வார். இப்போது வெட்டினால் இறால் போய்விடும் என்று மீனவர் சொல்வார். வெள்ளம் இன்னும் இரண்டு நாள் நின்றால் எத்தனை மலகூடக் குழிகள் கிணறுகளோடு கலக்கும் என்ற கணக்கும் அந்தக் கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும். அந்தக் கணக்கைக் கொண்டுவர வேண்டியவர் சுகாதாரத் திட்டமிடலாளர்.

அவர் பேச வேண்டிய கதவுகளோ பல. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இருக்கிறது. களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை போன்ற ஆதார வைத்தியசாலைகளும், எம்.ஓ.எச். என்று ஊரார் சொல்லும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களும் மாகாணத்தின் கீழ். குப்பை, வடிகான், பொதுச் சந்தை, இறைச்சிக் கடை ஆகியன உள்ளூராட்சி சபையின் கீழ். உன்னிச்சைக் குளத்து நீரை வவுணதீவில் சுத்திகரித்துக் குழாய்வழி அனுப்புவது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. குளத்தைத் திறப்பதும் மூடுவதும் நீர்ப்பாசனத் திணைக்களத்தினர்.

வாவியின் தென்முனையோ இன்னொரு நிர்வாகத்துக்குள் போய்விடுகிறது. அம்பாறை மாவட்டத்தின் கரையோரம் கல்முனைப் பிராந்தியமாகத் தனியே இயங்குகிறது. 25 மாவட்டங்கள் உள்ள நாட்டில் 26 பிராந்திய சுகாதாரப் பணிமனைகள் இருப்பது இதனால்தான். நாவிதன்வெளியில் ஒரு காய்ச்சலும் வெல்லாவெளியில் ஒரு காய்ச்சலும் ஒரே நீர்ப்பரப்பின் இரு ஓரங்களில் கண்டாலும், அவை போய்ச் சேரும் கோப்புகள் வேறு.

---

■ பெட்டி: யார் கையில் எது?

● பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் (ஆர்.டி.எச்.எஸ்.): மாவட்டத்தின் மாகாண வைத்தியசாலைகளுக்கும் எம்.ஓ.எச். அலுவலகங்களுக்கும் பொறுப்பு. தொற்றுநோயியல், தாய்சேய் நலம், தொற்றா நோய், திட்டமிடல் ஆகியவற்றுக்கென வைத்திய அதிகாரிகள் இவரது பணிமனையில் இருப்பர்.

● சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.): ஒரு பிரிவின் நோய்த்தடுப்புப் பணி முழுவதற்கும் தலைவர்.

● பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.): தொற்றுநோய் விசாரணை, உணவுப் பாதுகாப்பு, நுளம்புக் கட்டுப்பாடு, பாடசாலைச் சுகாதாரம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டமும் இவரது கையிலுள்ள ஆயுதங்கள்.

● குடும்பநல உத்தியோகத்தர் (மிட்வைஃப்): சுமார் 3,000 பேருக்கு ஒருவர் என்பது அரசின் கணக்கு. கர்ப்பிணி, குழந்தை, குடும்பத் திட்டம் எல்லாம் இவரது பதிவேட்டில்.

● உள்ளூராட்சி சபைகள்: மட்டக்களப்பு மாவட்டத்தில் 12. மாநகர சபை 1, நகர சபைகள் 2 (காத்தான்குடி, ஏறாவூர்), பிரதேச சபைகள் 9.

---

நூற்றாண்டைத் தொடும் முறை

ஒரு பிரிவுக்கு ஒரு வைத்திய அதிகாரி, அவரோடு பி.எச்.ஐ.க்கள், மிட்வைஃப்கள் என்ற இந்த அமைப்பு 1926இல் களுத்துறையில் ரொக்கஃபெல்லர் மன்றத்தின் உதவியோடு தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்தது. 1934-35 மலேரியாப் பெருந்தொற்று ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனபோது, வைத்தியசாலை கட்டினால் மட்டும் போதாது என்பது நாட்டுக்குப் புரிந்தது. 1987இல் 13ஆவது திருத்தமும் மாகாண சபைகள் சட்டமும் வந்து சுகாதாரத்தின் பெரும்பகுதியை மாகாணங்களிடம் கொடுத்தன. அதே ஆண்டில்தான் பிரதேச சபைகள் சட்டமும் வந்தது. சட்டப் புத்தகத்தில் அதிகாரம் கிராமத்துக்கு அருகே வந்துவிட்டது. பணமும் ஆளும் அந்தத் தூரத்தை இன்னும் நடந்து முடிக்கவில்லை.

எச் 544: ஒரு காகிதத்தின் பயணம்

காய்ச்சலோடு ஒரு பிள்ளை வைத்தியசாலைக்கு வருகிறது. டெங்கு என்ற சந்தேகம் எழுந்தவுடனே விடுதியில் எச் 544 என்ற படிவம் நிரப்பப்பட வேண்டும். பெயர், வயது, முகவரி, நோய், காய்ச்சல் தொடங்கிய நாள். உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, சந்தேகமே போதும். 1897ஆம் ஆண்டின் தடுப்புக்காப்பு, நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் முதல் இன்றுவரை தொற்றுநோயை அறிவிப்பது சட்டக் கடமை.

படிவம் நோயாளியின் வீடு உள்ள எம்.ஓ.எச். அலுவலகத்துக்குப் போகும். அங்கே பதிவேட்டில் ஏறியதும் அந்தப் பகுதி பி.எச்.ஐ. வீடு தேடிப் புறப்படுவார். வளவைப் பார்ப்பார், அயலில் வேறு யாருக்குக் காய்ச்சல் என்று கேட்பார், பிள்ளை எந்தப் பாடசாலைக்கு, எந்த ரியூசன் கொட்டிலுக்குப் போகிறது என்று எழுதுவார். அது எச் 411 என்ற அறிக்கையாகும். வார முடிவில் பிரிவின் மொத்தக் கணக்கு எச் 399 என்ற வாராந்த அறிக்கையாகிக் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போய்ச் சேரும்.

இந்தச் சங்கிலியில் முகவரிதான் உயிர். “கல்லடி” என்று மட்டும் எழுதினால் பி.எச்.ஐ. எந்த ஒழுங்கையில் போய்த் தேடுவார்? வேலைக்காகத் தங்கியிருக்கும் ஊரைச் சொல்லாமல் சொந்த ஊரைச் சொன்னால், புகை அடிப்பது ஓரிடத்தில், நுளம்பு இருப்பது வேறிடத்தில் என்றாகிவிடும். படிவம் நாலு நாள் தாமதித்தால், அந்த நாலு நாளும் அதே வளவிலிருந்து நுளம்புகள் பறந்துகொண்டிருக்கும். விடுதியில் படிவம் எழுதும் இளம் வைத்தியரின் ஐந்து நிமிடக் கவனம் ஒரு தெருவின் காய்ச்சலைத் தீர்மானிக்கிறது.

திட்டமிடுபவரின் வேலை இங்கிருந்துதான் தொடங்குகிறது. தனித்தனிப் படிவங்களைக் கிராம சேவையாளர் பிரிவு வாரியாக வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், எந்த ஊர் ஆண்டுதோறும் முதலில் பற்றிக்கொள்கிறது, எந்தச் சந்தைக்குப் பின்னால், எந்தப் பாடசாலைக்குப் பக்கத்தில் காய்ச்சல் குவிகிறது என்பது தெரிந்துவிடும். தெரிந்ததைச் சபைக் கூட்டத்தில் வைக்கும் வழி இருந்தால் அடுத்த ஆண்டு அந்தச் சந்தையின் வடிகான் திருத்தப்படும். அந்த வழி இல்லாவிட்டால் அதே வரைபடம் அடுத்த ஆண்டும் அதே இடத்தில் சிவக்கும்.

மழையும் நிதியாண்டும் மோதும் மாதம்

2017இல் இலங்கை கண்ட டெங்குப் பெருக்கம் வரலாற்றில் மிகப் பெரியது: 1,86,101 நோயாளர்கள், 400க்கும் மேற்பட்ட மரணங்கள். அந்த ஆண்டின் உச்சம் ஜூன், ஜூலை மாதங்களில், மேல் மாகாணத்தில் இருந்தது. தென்மேற்குப் பருவமழை நனைக்கும் ஊர்களுக்கு அதுதான் காலம். நாட்டின் கவனம், தொலைக்காட்சிப் பிரசாரம், விசேட வாரங்கள் எல்லாம் அந்தக் காலத்தைச் சுற்றியே சூடுபிடிக்கும்.

மட்டக்களப்பின் மழை வேறு. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசியில் தொடங்கித் தையில் ஓயும். டெங்கு ஏறும் காலம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை. அரசின் நிதியாண்டு முடிவதும் டிசம்பர் 31இல்தான். பழைய ஆண்டின் கணக்குகள் மூடப்படும் வாரங்களிலும், புதிய ஆண்டின் ஒதுக்கீடு கைக்கு வருமுன் உள்ள வாரங்களிலும் நுளம்பு பெருகுகிறது. வீடு வீடாகச் செல்லும் கள உதவியாளர்களுக்கான நாட்சம்பளம், வாகன எரிபொருள், புகைக் கருவிக்கான இரசாயனம் எல்லாமே மிகத் தேவைப்படும் நேரமும் பணம் கைமாறும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

இதை மாற்ற அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. புரட்டாதிக்குள் படகுகளைக் கவிழ்த்து வைப்பது, பாழ்கிணறுகளை மூடுவது, வடிகான்களைத் தோண்டுவது என்று பணியை முன்னுக்கு இழுத்து, அதற்கான பணத்தை மூன்றாம் காலாண்டிலேயே விடுவித்தால் போதும். கிழக்கின் மழைக்கு ஏற்ற நாட்காட்டியைக் கிழக்கில் இருப்பவர்தான் எழுத முடியும்.

நாற்காலிகள் காலியாக இருந்த ஆண்டுகள்

எழுதினால் யாரிடம் கொடுப்பது? கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு மாகாண சபைத் தேர்தல் நடைபெறாமல், மாகாணத்தின் சுகாதாரம் ஆளுநரின் கீழும் அதிகாரிகளின் கீழும் நகர்ந்துவந்தது. உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் ஒத்திவைக்கப்பட்டு 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேல், குப்பை லொறி ஏன் வரவில்லை என்று கேட்க வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் இருக்கவில்லை.

விளைவு சாதாரணமானதல்ல. செயலாளரும் ஆணையாளரும் அன்றாட வேலையை ஓட்டலாம். ஒரு சந்தையை இடம் மாற்றுவது, குப்பை கொட்டும் இடத்தைத் தெரிவது போன்ற முடிவுகளுக்கு மக்களிடம் பதில் சொல்லும் பிரதிநிதி தேவை. மாநகரக் குப்பை திருப்பெருந்துறையில் கொட்டப்பட்ட காலத்தில் அயலவர்கள் வீதிக்கு இறங்கிப் போராடினார்கள். பிறகு கொடுவாமடுவின் திண்மக்கழிவு நிலையம் வந்தது. அது ஏறாவூர்ப்பற்றின் எல்லைக்குள் இருக்கிறது. ஒரு சபையின் குப்பை இன்னொரு சபையின் எல்லைக்குப் போகும்போது, இரண்டு சபைகளும் ஒரு எம்.ஓ.எச்.உம் ஒரே மேசையில் உட்கார்ந்தே ஆகவேண்டும்.

ஓட்டமாவடி சுமந்தது

கொழும்பில் எடுக்கப்படும் ஒரு சுகாதார முடிவு வாவிப் பிரதேசத்தில் எப்படி வந்து விழும் என்பதற்கு கொரோனாக் காலத்தைவிடக் கசப்பான சாட்சி இல்லை. 2020 மார்ச்சில், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைத் தனிமைப்படுத்தும் முதல் நிலையங்களில் ஒன்றாகப் புனானையில் உள்ள பல்கலைக்கழகக் கட்டடம் மாற்றப்பட்டது. ஏப்ரல் 11இல், தொற்றால் இறந்தவர்களின் உடல்களைத் தகனம் செய்வது வர்த்தமானி மூலம் கட்டாயமாக்கப்பட்டது. புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் ஏற்புடையவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொல்லியிருந்தது. நிலத்தடி நீர் மாசுபடும் என்ற அச்சம் இங்கே காரணமாகக் காட்டப்பட்டது. பிறந்து 20 நாளான குழந்தையின் உடலும் தகனம் செய்யப்பட்டபோது முஸ்லிம் குடும்பங்கள் பட்ட வேதனை நாடெங்கும் கேட்டது.

2021 பெப்ரவரி 25இல் புதைக்க அனுமதி வந்தது. எங்கே? முதலில் இரணைதீவு என்றார்கள். அங்குள்ள மக்கள் எதிர்த்தார்கள். மார்ச் 5 முதல் ஓட்டமாவடியின் மஜ்மா நகரில் அடக்கங்கள் தொடங்கின. நாடு முழுவதிலுமிருந்து உடல்கள் ஒரே மையவாடிக்கு வந்தன. ஓராண்டில் 3,600க்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் முஸ்லிம்கள், ஏனைய சமயத்தவர்களும் இருக்கிறார்கள்.

நிலத்தை ஒதுக்கியதும், குழிகள் தோண்டியதும், பதிவுகளை வைத்ததும் யார்? கோறளைப்பற்று மேற்கு பிரதேச சபையும், பிரதேசச் சுகாதார ஊழியர்களும், ஊர் இளைஞர்களும். ஒரு சிறிய சபை ஒரு நாட்டின் துயரத்தைத் தன் நிலத்தில் வாங்கிக்கொண்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை கட்டாயத் தகனத்துக்கு மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. மன்னிப்பு அவசியமானதுதான். ஆனால் அந்தக் கொள்கை எழுதப்பட்ட அறையில் நிலத்தடி நீரை அறிந்தவர்களும், சமூகத்தை அறிந்த எம்.ஓ.எச்.களும், சபைகளும் முதல் நாளே கேட்கப்பட்டிருந்தால் பல குடும்பங்களின் காயம் தவிர்ந்திருக்கும்.

பாலமும் ஒரு சுகாதாரத் திட்டம்

2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் ஆரையம்பதிக் கரைக்கு வர ‘பாதை’யை நம்பியிருந்தார்கள். வாவியைக் கடக்கும் மிதவைப் படகுக்குத்தான் இங்கே அந்தப் பெயர். பிரசவ வலி கண்ட பெண்ணும், பாம்பு கடித்த விவசாயியும் அக்கரையில் நிற்கும் பாதை திரும்பி வரக் காத்திருந்த காலம் அது. ஜப்பானிய உதவியோடு எழுந்த அந்தப் பாலம் வீதி அபிவிருத்திக் கணக்கில் எழுதப்பட்டது. அது காப்பாற்றும் உயிர்கள் சுகாதாரக் கணக்கிலும் வரவேண்டியவை. குருமண்வெளியையும் மண்டூரையும், அம்பிளாந்துறையையும் குருக்கள்மடத்தையும் இணைக்கும் பாதைத்துறைகளைப் பற்றிப் பேசும்போதும் இதே கணக்கைப் போட வேண்டும்.

படுவான்கரையின் நோய்களும் வேறு. பெரும்போக வயலுக்குள் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் ஆபத்து. அதற்கான தடுப்பு மாத்திரை எம்.ஓ.எச். அலுவலகம் மூலம் கிடைக்கும். விதைப்புக்கும் அறுவடைக்கும் முன்பு அது வாடியில் இருப்பவரின் கைக்குப் போக வேண்டும். கமக்கார அமைப்பின் கூட்டத் திகதியை அறிந்து அங்கேயே போய்க் கொடுக்கும் பி.எச்.ஐ.யால்தான் அது நடக்கும்.

மிட்வைஃப் மிஸ்ஸின் பையைத் திறந்தால் இன்னொரு உலகம். கர்ப்பிணிகளின் பதிவு, பிள்ளைகளின் நிறை வரைபடம், தடுப்பூசி திகதிகள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் திரிபோஷா சத்துமாவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, எந்தக் கிராமத்தில் எந்தப் பிள்ளையின் நிறைக் கோடு கீழே சரிகிறது என்பதை முதலில் கண்டவர்கள் அவர்களே. அந்தக் கோடுகளைக் கூட்டிப் பார்த்து, எந்தப் பிரிவுக்கு உலர் உணவு முதலில் போகவேண்டும் என்று பிரதேச செயலகத்தோடு பேசியிருக்கக்கூடிய தகவல் அந்தப் பையில் இருந்தது.

செய்து காட்டிய சாதனை

இந்த அமைப்பால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு மலேரியா பதில். 1999இல் நாட்டில் 2,64,549 மலேரியா நோயாளர்கள். வடக்கும் கிழக்கும் யுத்தத்தில் எரிந்த காலம் அது. சோதனைச் சாவடிகளைக் கடந்து நுளம்பு வலைகளும் மருந்தும் போயின. நடமாடும் குழுக்கள் இரத்தப் பூச்சு எடுத்தன. உள்நாட்டில் பரவிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. 2004 சுனாமி கிழக்குக் கரையை வாரிச் சென்ற பின், முகாம்களில் பெருந்தொற்று எதுவும் வெடிக்காமல் காத்ததும் இந்தக் கள ஊழியர்களின் வலைதான்.

சாதனையோடு ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1963இல் இலங்கை முழுவதிலும் 17 மலேரியா நோயாளர்களே இருந்தார்கள். வென்றுவிட்டோம் என்று தெளிப்புப் பணி தளர்த்தப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் நோய் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. இப்போது நகரக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகக்கூடிய புதிய மலேரியா நுளம்பான அனோபிலிஸ் ஸ்டெஃபென்சி மன்னாரில் கண்டறியப்பட்டிருக்கிறது. நோயாளர் எண்ணிக்கை பூச்சியமாகும்போது அந்தப் பிரிவின் பணத்தை வெட்டத்தான் எந்த நிதியாளருக்கும் கை போகும். வெட்டக்கூடாது என்று ஆதாரத்தோடு வாதாடுவதும் திட்டமிடலாளரின் வேலை.

---

■ பெட்டி: இந்தத் துறைக்குள் வருவது எப்படி?

● பி.எச்.ஐ.: உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள், அதன்பின் அரச பயிற்சி. களுத்துறை தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் இத்துறையின் தாய்வீடு.

● மிட்வைஃப்: ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுப் பயிற்சி; அதில் ஒரு பகுதி களத்தில்.

● எம்.ஓ.எச்.: எம்.பி.பி.எஸ்., உள்ளகப் பயிற்சி, பிறகு தடுப்புச் சுகாதாரத்தில் நியமனம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பிலேயே வைத்தியர்களை உருவாக்குகிறது.

● சமுதாய மருத்துவ நிபுணர்: கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் எம்.எஸ்சி., தொடர்ந்து எம்.டி. மருத்துவ நிர்வாகத்துக்கும் இதேபோன்ற பாதை உண்டு. பணிப்பாளர் பதவிகளுக்கு அது வழி.

● இலங்கைத் திட்டமிடல் சேவை: வைத்தியர் அல்லாத பட்டதாரிகளுக்கான வாசல். போட்டிப் பரீட்சை மூலம் தெரிவாகி, செயலகங்களிலும் அமைச்சுகளிலும் திட்டமிடல் பணிப்பாளராகலாம்.

---

வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு வைத்தியம்

மட்டக்களப்பில் பிள்ளை வைத்தியராகிறது என்றால் வீடு கொண்டாடும். அந்தப் பிள்ளை சத்திரசிகிச்சை நிபுணராக வேண்டும், இருதய நிபுணராக வேண்டும் என்பது பெற்றோரின் கனவு. எம்.ஓ.எச். ஆகப் போகிறேன் என்று சொன்னால் “ஏன் மகள், வைத்தியசாலையில இடம் கிடைக்கல்லையா?” என்ற கேள்வி வரும். தனியார் வைத்தியசாலையில் மாலை நேர வருமானம் தரும் துறைகளோடு இது போட்டியிட முடியாது. 2022க்குப் பின் வைத்தியர்களும் தாதியரும் நாட்டைவிட்டுப் போன அலையில், தடுப்புச் சுகாதாரத்துக்கு ஆள் சேர்ப்பது இன்னும் கடினமாகியிருக்கிறது.

ஆனால் இந்த வேலையின் எடையை அறிந்தவர்கள் வேறு விதமாகப் பேசுகிறார்கள். சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு நாளில் சில உயிர்களைக் காப்பாற்றுவார். அவரது நோயாளி அவரை மறக்கமாட்டார். ஒரு எம்.ஓ.எச். தன் பிரிவில் ஒரு கிணற்றை மூடவைத்தால், ஒரு சந்தைக்கு வடிகான் வாங்கிக்கொடுத்தால், காய்ச்சல் வராமலே போனவர்கள் தமக்கு வரவில்லை என்பதையே அறியமாட்டார்கள். நன்றி கேளாத இந்த உழைப்புக்கு அரசு வேறு வழியில் மதிப்புக் கொடுக்க வேண்டும்: பின்தங்கிய பிரிவுகளில் பணியாற்றுவோருக்கு வீடு, வாகனம், மேற்படிப்பில் முன்னுரிமை.

இந்த வேலைக்கு மொழியும் வேண்டும். படுவான்கரை விவசாயியோடும் காத்தான்குடி வியாபாரியோடும் வாகரை மீனவரோடும் அவரவர் பேச்சில் பேசத் தெரிந்தவர், கொழும்பு நிபுணரின் அறிக்கையையும் நிதி ஆணைக்குழுவின் படிவத்தையும் வாசிக்கத் தெரிந்தவர். அப்படிப்பட்டவர்கள் இந்த மண்ணிலிருந்துதான் வரவேண்டும்.

இனி என்ன?

மட்டக்களப்புக்குத் தேவை நான்கு.

முதலாவது, வாவிக்கென்று ஒரே சுகாதாரத் திட்டம். மட்டக்களப்புப் பிராந்தியமும் கல்முனைப் பிராந்தியமும் நோய்க் கணக்கைப் பகிர்ந்து, மழைக்கு முன் ஒரே மேசையில் அமர வேண்டும்.

இரண்டாவது, மழைக் காலத்துக்கு ஏற்ற பண விடுவிப்பு. டெங்குத் தடுப்புக்கான ஒதுக்கீடு செப்டெம்பருக்குள் களத்துக்கு வரவேண்டும்.

மூன்றாவது, 12 சபைகளிலும் மாதக் கூட்டத்தில் எம்.ஓ.எச்.இன் அறிக்கைக்கு நிரந்தர இடம். எந்த வட்டாரத்தில் எத்தனை காய்ச்சல், எத்தனை கிணறு மாசு என்பது உறுப்பினர்கள் முன் வாசிக்கப்பட வேண்டும்.

நான்காவது, மாகாண சபைத் தேர்தல். 2017இலிருந்து மக்களின் பிரதிநிதி இல்லாமல் மாகாணச் சுகாதாரம் ஓடியது போதும்.

2025இல் தெரிவான சபைகள் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பருக்குள் அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்ற வேண்டும். உங்கள் வட்டார உறுப்பினர் உங்களுக்குத் தெரிந்தவர், சந்தியில் காணக்கூடியவர். அவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: நம் பகுதியின் காய்ச்சல் கணக்கை எம்.ஓ.எச். அலுவலகத்தில் பார்த்தீர்களா? பாழ்கிணறுகளுக்கும் வடிகானுக்கும் இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள்? அந்தப் பணம் மழைக்கு முன் வருமா, பின் வருமா? பதிலைச் செவிவழியாகக் கேட்டுக்கொண்டு விடாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். அதையும் ஐப்பசி பிறக்குமுன் வாங்குங்கள்.